முன்சீட்டுக் கனம்

கடையத்தில் மழை சொன்ன நேரத்துக்குப் பெய்து, குளம் நிறைந்து, நெல் விளைந்து, எல்லாமே முறையாக நடந்த ஒரு வருஷத்தில் எங்கள் தெருவுக்கு முதல் டீசல் கார் வந்தது. அதில் ஏறி உட்கார வேண்டியவள் அதற்கு ஒரு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது ஒன்றுதான் முறை தவறி நடந்தது, அதையும் அவளே வந்து சரி செய்துகொண்டாள் என்றுதான் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வோம்.

கார் வேண்டும் என்று கேட்டவள் அவள்தான், சண்முகவடிவு. அவள் புருஷன் பாத்திரக்கடை ஆவுடையப்பன் கேட்டிருக்கவே மாட்டார். எச்சில் கையால் காக்கை விரட்டாத மனிதர் என்று அவர் காதுபடவே பேசுவோம், அவரும் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் அவர்களுடைய ஒரே மகள் நித்யகல்யாணியை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்து, அவள் முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு ஆடி மாதம் அம்மாவைப் பார்க்க பஸ்ஸில் கிளம்பி, களக்காட்டுக்குப் பக்கத்தில் ரோடு என்று சொல்ல முடியாத ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கி, அந்த வாரமே அந்தப் பிள்ளை தங்காமல் போய்விட்டது. பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். சண்முகவடிவு அழுது முடித்து, முகத்தைக் கழுவிவிட்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"டாக்டருக்கு என்ன தெரியும், அவரு என்ன களக்காட்டு பஸ்ஸுலயா வாராரு? அடுத்த மட்டம் எம்பிள்ள இந்த வீட்டுக்குச் சொந்தக் காருலதான் வந்து எறங்கணும். நீங்க வாங்குதியளா, இல்ல எங்க அண்ணன்ட்ட கேக்கட்டுமா?"

அண்ணன் என்ற சொல்லுக்கு மேல் ஆவுடையப்பனால் எதிர்த்து நிற்க முடியவில்லை. அதற்குப் பிறகு சண்முகவடிவு கார்களைப் பற்றிப் படித்ததுபோல அவள் பிள்ளைப்பருவத்தில் பாடம் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பாள் என்று தெருவில் பேச்சு. பெட்ரோலா டீசலா என்று டீக்கடையில் ஆண்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தவள் நின்று, "பெட்ரோல் வண்டி ஓடும், டீசல் வண்டி இழுக்கும். நெறமாசப் பிள்ளையவும் அவ மூட்டை முடிச்சையும் ஏத்திட்டு வரணும், எனக்கு இழுக்க வண்டிதான் வேணும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனாள். பின்பக்கம் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கார் எங்கள் தெருத் திருப்பத்தில் திரும்பாது என்பதால் குட்டை வால் வண்டி போதும் என்றாள். தென்காசி ஷோரூமில் வெள்ளைக் கலர் கையில் இருக்கிறது, நாளைக்கே எடுத்துப் போகலாம் என்றார்கள். "வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி வண்டி கணக்கா இருக்கு" என்று சொல்லி, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் புத்தகத்தில் மட்டும் இருந்த ஒரு காரின் மேல் விரலை வைத்தாள். அந்தக் கலரை யாரும் கேட்பதில்லை, வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். பிள்ளை வருவதற்கும் மாதக்கணக்கில்தானே ஆகும், காத்திருக்கிறேன் என்றாள்.

கார் வருவதற்குள் பங்குனி மாதம் ஒரு காலையில், சந்தையிலிருந்து திரும்பி வந்து, தலை பாரமாக இருக்கிறது என்று அடுக்களைத் தரையில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஆவுடையப்பன் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: வெள்ளைக் காருக்குச் சரி என்றிருந்தால் அவள் ஏறியிருப்பாள், ஒரு தடவையாவது ஏறியிருப்பாள்.

சித்திரையில் ஷோரூமிலிருந்து போன் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கார் வாங்கினால் அது நேராக வீட்டுக்கு வராது. கோயில் வாசலுக்குப் போகும், சந்தனமும் குங்குமமும் பூசிக்கொள்ளும், மாலை போட்டுக்கொள்ளும், நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் முதல் அடி எடுத்து வைக்கும். ஆனால் துக்க வீட்டுக்காரர் வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது, நல்ல காரியம் எதுவும் கூடாது. ஷோரூம் பெண் நீட்டிய மாலையை ஆவுடையப்பன் வேண்டாம் என்று கும்பிட்டு மறுத்தார். கேக் வெட்டச் சொன்னார்கள், அதையும் மறுத்தார். வருஷத் திதி முடியட்டும், பிறகு பூஜை போட்டுக்கொள்ளலாம் என்று நாங்களும்தான் சொன்னோம். கண்திருஷ்டிக்கு மட்டும்தான் எலுமிச்சம்பழம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஒரு வாசலை அடைக்கிற தாழ்ப்பாளும்தான் என்பது, அடைக்காமல் விட்ட பிறகுதான் தெரிந்தது.

வண்டி ஓட்டப் பழகியதும் வடிவின் கட்டாயத்தால்தான், ஆகவே ஆவுடையப்பன் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். மத்தளம்பாறை தாண்டும்போது டிங் டிங் என்று ஒரு சத்தம் தொடங்கியது. பெல்ட் போட்டிருந்தார். கதவெல்லாம் சாத்தியிருந்தது. சத்தம் நிற்கவில்லை, முன்பக்கம் இடது சீட்டில் ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஷோரூமுக்கே போனார். அங்கே இருந்த மெக்கானிக் ஒரு மிஷினைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார், வண்டியை முன்னாலிருந்து பார்த்தார், இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, சீட்டின் மேல் உள்ளங்கையை வைக்கப் போனவர் பாதியில் கையை மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

"சார், சென்சார்ல கோளாறு ஒண்ணும் இல்ல. ஆள் உக்காந்திருக்காங்க. பெல்ட்டப் போட்டு விடுங்க."

ஆவுடையப்பன் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அது காலி சீட்டில் படிவதுபோல் படியவில்லை. ஒரு பெரிய உடம்பைச் சுற்றிப் போவதுபோல் வளைந்து, வயிற்றுப் பக்கம் உயர்ந்து நின்றது. சீட்டின் குழிவு நடுவில் இல்லை, கதவோரம் ஒதுங்கி இருந்தது. முப்பது வருஷமாக பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கல்யாண வீட்டு நாற்காலியிலும் அவள் அப்படித்தான், எந்த நேரமும் எழுந்துபோகத் தயாராக இருப்பவள்போல், ஓரமாக ஒதுங்கி உட்காருவாள். சத்தம் நின்றது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொன்னார்: "வடிவு, நல்லா சாஞ்சு உக்காரு. நம்ம வண்டிதான்."

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் கேட்ட கேள்வி, எந்த ஊரிலும் புதுக் கார் வாங்கியவனைக் கேட்கிற கேள்விதான்: வண்டி எப்படி, என்ன மைலேஜ் கொடுக்குது?

"ஸ்டார்ட் பண்ணுனா கொஞ்சம் சத்தம் போடுது, வெளிய நின்னாத்தான் அது பெருசு, உள்ள உக்காந்தா தாலாட்டு மாதிரிதான் இருக்கு. ஸ்டீரிங் ஒத்த விரல்ல சுத்துது. ரெண்டாவது கியர்ல மட்டும் மிதிச்ச ஒடனே போவாது பாத்துக்கிடுங்க. ரோசன பண்ணிக்கிட்டே இருக்கும், இருக்கும், பெறவு பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளும், பிடிக்க முடியாது. வடிவு மாதிரிதான். மொதல்ல ஒண்ணும் பேச மாட்டா, பேச ஆரம்பிச்சா விட மாட்டா." சிரிக்கப் போனவர் சிரிக்காமல் டீயைக் குடித்தார். "மைலேஜு ஒராளு போற கணக்குக்குக் கொறவு. ரெண்டாளு கணக்குக்கு நல்ல மைலேஜ்."

ரெண்டு ஆள் என்று அவர் சொன்னதை டீக்கடை ஏற்றுக்கொண்டது, ஆனால் அரிசி ஆலை முதலாளிக்கு மட்டும் எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. லாரிகளை நிறுக்கிற எடை மேடையில் காரை ஏற்றி, ஆவுடையப்பனை இறக்கிவிட்டு, புத்தகத்தில் போட்டிருக்கிற எடையைக் கழித்துப் பார்த்தார்கள். மிச்சம் நின்ற எடையைப் பார்த்து, "கடைசியா ஆஸ்பத்திரியில எடுத்ததுக்கு கொஞ்சம் கூடத்தான் இருக்கா, மெலியல" என்று ஆவுடையப்பன் சந்தோஷப்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அது தெருவின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் முன்சீட்டுக்குப் போவதில்லை. பின்னால் ஏறி, "மைனி, ஆஸ்பத்திரிவரைக்கும் வாரோம்" என்று வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். புது சீட்டின் பிளாஸ்டிக் உறையை மற்ற எல்லாவற்றிலும் அப்படியே விட்டுவிட்டு, அவளுக்கு வேர்க்கும் என்று அந்த ஒன்றில் மட்டும் ஆவுடையப்பன் கிழித்து எடுத்தார். பூவும் பொட்டுமாகப் போனவள் என்பதால் பெண்கள் வெள்ளிக்கிழமை பிச்சிப்பூ கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார்கள். ஆழ்வார்குறிச்சியில் ஒரு போலீஸ்காரர் மறித்து, குனிந்து பார்த்து, "அம்மாவுக்கு ஒழுங்கா பெல்ட்டு போட்டு விட்டுருக்கியரு, நீரு போடலியே அண்ணாச்சி" என்று அவருக்கு அபராதம் எழுதினார்.

எதிர்வீட்டு பிரம்மசக்தி, குழாயடிச் சண்டை ஒன்றில் சண்முகவடிவோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகி, சாவு வீட்டுக்கும் ஒப்புக்கு வந்து வாசலோடு திரும்பியவள், ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "நீயா பேசுவன்னு நான் இருந்தேன், நானா பேசுவன்னு நீ இருந்த, இடையில யாருட்டி உன்னைச் சாவச் சொன்னது?" என்று தொடங்கியவள் சாயங்காலம் மாடு பால் கறக்கிற நேரம்வரை அழுதாள். அன்றிலிருந்து அந்த வண்டியைத் துடைக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பனோ கடையை மத்தியானத்தோடு சாத்தத் தொடங்கினார். முப்பது வருஷத்தில் அவர் அவளைக் கூட்டிப்போன இடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதிலும் பாதி சாவு வீடு. இப்போது குற்றாலத்தில் சாரல் என்றால் குற்றாலம், பாபநாசத்தில் தண்ணீர் வருகிறதென்றால் பாபநாசம், ஒருநாள் மணப்பாடுவரை போய் கடலுக்கு முகம் காட்டி வண்டியை நிறுத்தி, இருட்டுவதற்குமுன் கிளம்பிவந்தார். போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். அவள் உயிரோடு இருந்தபோது சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்பதைத் தவிர வேறு பேசத் தெரியாத மனிதர் அவர். அந்த வண்டிக்குள் அவர் வாய் திறந்துகொண்டது. பதில் வராது. பதில் வேண்டும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை, இவ்வளவு காலம் அவள் பேசி இவர் பதில் சொல்லாமல் இருந்ததற்கு இது கழிந்துபோகட்டும் என்றுதான் நினைத்திருப்பார்.

ஒரே ஒரு ஊருக்கு மட்டும் அவர் போகவில்லை. மகள் நாகர்கோவிலில் இருந்து போனில் அழுவாள்: "அப்பா, அம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா." கை இன்னும் பழகவில்லை, ரோடு சரியில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். மணப்பாடுவரை பழகிய கை நாகர்கோவிலுக்கு ஏன் பழகவில்லை என்று பிரம்மசக்தி நேராகவே கேட்டாள். நீண்ட நேரம் ஸ்டீரிங்கையே துடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அங்க போனா மகளோட எறங்கிருவாளோன்னு இருக்கு தாயி."

அப்படி அவர் அவளைத் தனக்கே வைத்துக்கொண்டிருந்தபோது ஆவணி வந்தது, கல்யாணிக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. முதல் பிள்ளை தங்காததால் இந்த முறை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி விஷயம் நாகர்கோவில்வரை எப்போதோ எட்டியிருந்தது; அவளுடைய மாமியார் தாணுவம்மாள் போனில் கறாராகச் சொன்னார்: "அந்த வண்டி எனக்க தெருவுக்குள்ள வரப்பிடாது. மருமக பெத்துப் பொழைக்கட்டும், பெறவு பாத்துக்கிடலாம்." ஆகவே ஆவுடையப்பன் மகளைப் பார்க்க பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். கல்யாணி அம்மாவோடு போனில் பேசினாள். "போனை அம்மா மடியில வைங்கப்பா" என்பாள், அவர் வைப்பார், போன் சீட்டில் விழாமல், சீட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், சரிவாக நிற்கும். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார். வாந்தி நின்றது, பிள்ளை புரண்டது, கால் வீங்கியது எல்லாவற்றையும் மகள் சொல்லிக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு உள்ளே அந்தச் சீட்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

பங்குனியில் வருஷத் திதி முடிந்தது. சித்திரையில் கல்யாணிக்கு ஒன்பதாம் மாதம், இனி காரில் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட, வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்கு அனுப்பும் நாள் குறித்தார்கள். வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம் என்றார் தாணுவம்மாள். கல்யாணி கேட்கவில்லை. "எங்க அம்மா எனக்குன்னு வாங்குன காரு. அதுலதான் போவேன். இல்லன்னா போவல, இங்கயே பெத்துக்கிடுதேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் யார் மகள் என்பது அதிலேயே தெரிந்தது. அப்போது தாணுவம்மாள் ஆவுடையப்பனுக்குப் போன் செய்தார், இந்த முறை அழுதார்.

"அண்ணாச்சி, நான் கொடுமைக்காரி இல்ல. போன பிள்ளைக்கு நானுந்தான் அழுதேன், எனக்க பேரப்பிள்ளதான அதுவும். மைனி நல்லவதான். ஆனா ஆசையோட போனவ. மடியில பிள்ளைய வாங்கணும்னு ஆசைப்பட்டு நிக்கவ பக்கத்துல நெறவயித்துக்காரிய எப்பிடி உக்கார வைப்பேன்? அவ தெரிஞ்சு எடுக்க மாட்டா. தெரியாம கை நீட்டிட்டான்னா? வருசந்தான் முடிஞ்சிட்டுல்லா. எனக்க வாசல்ல வச்சே முறைப்படி பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்த நசுக்கி மைனிய வழியனுப்பி விடுங்க. மருமகளை நானே ஏத்தி விடுதேன்."

தெருவுக்கு இரண்டு மனசு வந்தது. "வடிவு பேரப்பிள்ளையத் தூக்கிட்டுப் போவாளா? என்ன பேச்சு பேசுதா அந்த நாரோயில்காரி" என்று பிரம்மசக்தி ஆடித் தீர்த்தாள். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் கடைசியில் ஒரு "இருந்தாலும்" வந்தது. அந்த இருந்தாலும் டீக்கடையில் கொஞ்சம் வளர்ந்தது, குழாயடியில் கொஞ்சம் வளர்ந்தது, ஒருநாள் ஆவுடையப்பன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டின் வளைவைப் பார்த்தபோது அது அவருக்குள்ளேயும் இருந்தது. தன் மனைவியைப் பார்த்துத் தான் பயப்படுகிறோம் என்பது தெரிந்த அந்த நிமிஷத்தில்தான், அவள் செத்தபோது அழாத அழுகையை எல்லாம் அவர் அழுதார். முன்பே ஒருநாள் அவளை மகளிடம் கூட்டிப் போயிருந்தால் என்று நினைத்து அழுதார், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாமலும் அழுதார்.

வளைகாப்புக்குத் தெருவே ஒரு வேனில் பின்னால் கிளம்பியது. முன்னால் அவர்கள் இருவரும் போனார்கள். அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று சேரன்மாதேவியில் நினைத்தார், களக்காட்டில் நினைத்தார், வள்ளியூரில் வண்டியை ஓரம்கட்டிக்கூட நினைத்தார். கடைசியில் ஆரல்வாய்மொழியில், காற்றாலைகளைக் காட்டி, "காத்தாடியப் பாத்தியா வடிவு, எவ்ளோ பெருசு" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

சம்பந்தி வீட்டு வாசலில் பெரிய வேப்பமரம். அதன் நிழலில் வண்டியை நிறுத்தினார். வளைகாப்பு முடிந்து, கல்யாணி இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலோடு படிக்கு வந்து நின்றாள். வண்டியைப் பார்த்ததும் இறங்கி ஓடி வரப் போனாள். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, ஒரே ஒரு நிமிசம். நான் அம்மாகூட ஒரு நிமிசம் உக்காந்துக்கிடுதேன். பெறவு என்ன வேணாலும் செய்யுங்க. அப்பா, சொல்லுங்கப்பா."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தாணுவம்மாள் மறுக்கவில்லை, பிடித்த கையை விடவும் இல்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும்.

"நீ அங்கயே நில்லு மக்களே" என்றார் ஆவுடையப்பன்.

மகள் அவரைப் பார்த்த பார்வையை நாங்கள் யாரும் மறக்கவில்லை. சூடம் ஏற்றினார்கள். காப்பிக்கொட்டை நிற பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழத்தை பிரம்மசக்திதான் வைத்தாள், வேறு யாரும் வைத்தால் அது மரியாதை இல்லை என்று சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தாள். ஆவுடையப்பன் உள்ளே ஏறினார். பக்கத்துச் சீட்டின் பெல்ட்டை அவிழ்த்துவிட்டார். டிங் டிங் என்று அந்தச் சத்தம் தொடங்கியது, வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"வடிவு, எந்திரி. பிள்ள வரணும்."

வீட்டில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் எத்தனையோ தடவை எழுந்திரு என்று அவளைச் சொல்லியிருப்பார். இப்படி ஒரு குரலில் சொன்னதில்லை. வண்டி முதலில் நகரவில்லை. டீசல் வண்டி அல்லவா, யோசித்துக்கொண்டே நின்றது, பிறகு ஒரு தள்ளு தள்ளி முன்னால் வந்தது. பழங்கள் நசுங்கின. இடது பக்கம் மெல்ல உயர்ந்து, வண்டி நேராக நின்றது. சத்தம் இல்லை. வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது கேட்டது.

தாணுவம்மாளே முன்கதவைத் திறந்து மருமகளை ஏற்றிவிட்டார். கல்யாணி யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை. நாங்கள் வேனில் பின்தொடர்ந்தோம். வண்டிக்குள் நடந்ததை அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

ஒழுகினசேரிப் பாலம் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள்.

"அப்பா."

"சொல்லு மக்களே."

"சீட்டு சூடா இருக்கு."

அவர் ரோட்டையே பார்த்தார். "வெயில்ல நின்ன வண்டில்லா" என்றார். வண்டி நிழலில் நின்றது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெயில் சூடு இல்லப்பா. பஸ்ஸுல யாராவது எந்திரிச்சு நமக்கு எடம் விட்டா இருக்கும்லா, அந்தச் சூடு."

சித்திரை மத்தியானம். ஏசியைப் போடப் போன அவர் கை பாதியில் நின்று, திரும்பவும் ஸ்டீரிங்குக்கு வந்தது. அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினாள். அவரும் ஏற்றினார். ஆரல்வாய்மொழியில் ஆளைத் தூக்குகிற காற்று கண்ணாடியில் மோதியது, அதில் ஒரு பொட்டைக்கூட அவர்கள் உள்ளே விடவில்லை. பணகுடி, வள்ளியூர், களக்காடு என்று ஊர் ஊராகப் போக, பட்டுச்சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ள, சந்தனம் கன்னத்தில் கரைந்து வழிய, அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சீட்டின்மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். "முடியுதாம்மா?" என்று அவர் கேட்டார். "ஏசியப் போட்டுராதீங்கப்பா" என்றாள்.

கடையத்தில் நாங்கள் வேனில் அவர்களை முந்திக்கொண்டு வந்து இறங்கி ஆலத்தித் தட்டோடு காத்திருந்தோம். வண்டி வந்து நின்றது. கண்ணாடிகளுக்கு உள்ளே இரண்டு பேர் முகமும் குளத்தில் முங்கி எழுந்ததுபோல் இருந்தது. ஏசி கெட்டுப்போச்சோ என்று யாரோ கேட்டார்கள். பிரம்மசக்தி கதவில் கை வைத்தாள். கல்யாணி உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிரம்மசக்தி கையை எடுத்துக்கொண்டாள். அந்தச் சூடு ஆறும்வரை அப்பாவும் மகளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தட்டோடு நின்றோம்.